புதியவர்க்கு வாசல் திறந்திருக்கிறதா?



கட்டணமின்றி நிறுவிக்கொள்ளக்கூடிய லிப்ரே ஆபிஸ் மென்பொருளை நம்மில் பலர் அறிவோம். தமிழ் இடைமுகத்துடனும் அது கிடைக்கிறது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால், நிரலைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் போதுமா?

மனிதர் எழுதும் மூலநிரல் அப்படியே இயங்குவதில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளை உரிய வரிசையில் கணினி மொழிக்கு மாற்றி, இணைத்து, ஒரு மென்பொருளாகக் கட்டியெடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கட்டுமான முறை எனலாம். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் பணிபுரியும் பெற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். ஆலையின் உற்பத்தி வரிசை போன்றது இது.

லிப்ரே ஆபிஸ், 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து பிறந்தது. பல மில்லியன் வரி நிரலோடு பழைய உற்பத்தி வரிசையும் அதற்குச் சொத்தாக வந்து சேர்ந்தது. அதில் பயன்பட்ட 'டிமேக்' என்னும் கருவியைப் பிற திட்டங்களில் காண்பது அரிது. அது ஒவ்வொரு பகுதிக்குள்ளும் தனித்தனியே புகுந்து வேலை செய்யும். ஒரு பகுதியில் நேர்ந்த மாற்றம் மற்றொரு பகுதிக்குச் சரிவரத் தெரியாது. உதவ முன்வந்த புதியவர், நிரலைத் தொடுமுன்னே களைத்துப் போவார்.

எனவே பங்களிப்பாளர்கள் பகுதி பகுதியாக அனைத்தையும் 'குனு மேக்' என்னும் பரவலான கருவிக்கு மாற்றினர். எது எதைச் சார்ந்துள்ளது என்பதை முழுமையாக அறிந்து, மாறியதை மட்டும் மீண்டும் கட்டும் முறை அமைந்தது. இதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு உழைப்பிலும் பயனர் கண்ணுக்கு ஒரு புதிய பொத்தான்கூடத் தென்படவில்லை.

"ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்?" எனச் சிலர் கேட்கலாம். அதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியே விடை. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை உருவாக்கினார். அதில் கட்டளை வரிகள் 'டேப்' குறியுடன்தான் தொடங்க வேண்டும். வெற்று இடைவெளி விட்டால் பிழை காட்டும். இக்குறையை அவர் விரைவிலேயே உணர்ந்தார். ஆயினும், அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாமென விட்டுவிட்டார். அந்தச் சிலருக்குக் காட்டிய சலுகையின் விலையை உலகெங்கும் நிரலாளர்கள் இன்றும் கொடுத்து வருகின்றனர்.

இதைப் படித்தபோது நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளி நினைவுக்கு வந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துத் தேர்வுத்தாள்களைத் தொகுத்திருந்தார். அனைத்தும் பழைய எழுத்துருவில், அவருடைய கணினியில் இருந்தன. அவர் ஓய்வு பெற்றபின் கோப்புகளைத் திறந்தோம். தமிழுக்குப் பதில் பொருளற்ற உரோமன் எழுத்துகளே வரிசை கட்டி நின்றன. அவ்வுழைப்பை அவர் எவரிடமும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் மகிழ்ந்து கொடுத்திருப்பார். இருந்தும் அது அவரோடு போயிற்று.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இத்தகைய கருவூலம் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவோம். பாடம், ஆண்டு வாரியாகக் கோப்புகளுக்குப் பெயரிடுவோம். பயன்படுத்தும் முறையை ஒரே பக்கத்தில் எழுதி வைப்போம். லிப்ரே ஆபிஸ் குழுவினரைப் போலவே ஒரே நாளில் அன்றி, பாடம் பாடமாகச் செய்வோம்.

வேலை முடிந்ததா என்றறிய ஓர் எளிய சோதனை உண்டு. நேற்றுப் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர், எவரையும் கேட்காமல், ஒரே பிற்பகலில் ஒரு தேர்வுத்தாளை உருவாக்க முடிகிறதா? முடிந்தால்தான் வாசல் உண்மையிலேயே திறந்திருக்கிறது.