பல்லில் மஞ்சள் கறை! காரணம் தேயிலையா, தண்ணீரா?

நீலகிரி மாவட்டம் கூடலூரைத் தாண்டினால் நாடுகாணி. மலைச் சரிவெல்லாம் பச்சைத் தேயிலை. "இரண்டு இலை, ஒரு மொட்டு" என்பது அங்கே கொழுந்து பறிக்கும் கணக்கு.

அந்த இலைக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் புளோரைடு. பற்பசையிலும் அது உண்டு. சிறிதளவு இருந்தால், பல் சொத்தையாகாமல் காக்கும். அளவு மீறினால் பல்லைக் கெடுக்கும், எலும்பையும் முடக்கும்!

முற்றிய இலை

தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கிறது. கொழுந்தில் அது குறைவு. முற்றிய இலையில் பல மடங்கு அதிகம்.

திபெத்தில் முற்றிய இலைகளை அழுத்திக் கட்டியாக்கி, அதில் டீ போட்டு நாள் முழுவதும் குடிப்பார்கள். அவர்களில் பலருக்கு எலும்பு நோய் கண்டது. அமெரிக்காவில் ஒரு பெண் தினமும் 100 தேயிலைப் பைகளுக்குமேல் போட்டு, 17 ஆண்டுகள் குடித்தார். அவருடைய எலும்புகள் கெட்டதை 2013-ல் டாக்டர்கள் வெளியிட்டனர்.

அப்படியானால் டீயை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். தினமும் இரண்டு, மூன்று தம்ளர் குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், எந்தத் தண்ணீரில் டீ போடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

தர்மபுரியின் துயரம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையில் உள்ள புளோரைடு நீரில் கரைந்து, ஆழ்துளைக் கிணறு வழியாக வீட்டுக் குடத்துக்கு வந்துவிடுகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் போனால், முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளே. எட்டு வயதுக்குள் பல் உருவாகும்போதே அதில் வெள்ளைப் புள்ளி விழும், மஞ்சளாகும், பழுப்பாகும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் மூட்டு வலிக்கும், முதுகு விறைக்கும், குனியவும் முடியாது. எலும்பில் ஏறிய கேட்டை முழுவதும் போக்க மருந்து இல்லை.

இது புதிய நோய் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், 1937-லேயே டாக்டர்கள் இதைக் கண்டறிந்து எழுதினர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீர் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. குழாயில் நீர் வராத நாளெல்லாம் பழைய கிணற்றுக்கே போனால், பழைய துன்பமும் திரும்பும்!

வீட்டில் என்ன செய்யலாம்?

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். மழைநீரைச் சுத்தமாகச் சேமித்துக் குடிக்கலாம். சிறு குழந்தைக்குப் பட்டாணி அளவு பற்பசை போதும். அதை விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

டீத்தூளை முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். தண்ணீரையும் ஒரு முறை சோதித்துவிட்டால், பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்!