ஐந்து நிமிஷந்தானே!

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், காணி உறுதியொன்றின் பிரதியைப் பெறுவதற்காக நண்பர் ஒருவருடன் புதுக்கடைக்குச் சென்றிருந்தோம். நீதிமன்றங்களும், சட்டக் கல்லூரியும், சட்டத்தரணிகளின் அலுவலகங்களும் நெருங்கிக் கிடக்கும் அவ்விடத்திலே, காரை நிறுத்த இடம் பிடிப்பது வழக்கில் வெல்வதிலும் பார்க்கக் கடினம். ஒருவாறு மதிலோரமாக ஓரிடம் கிடைத்தது. நிழல் பெயருக்கும் இல்லை.

பின்னாசனத்தில் நண்பரின் தாயாரும், மூன்று வயதுப் பேரனும் இருந்தனர். குழந்தை உறங்கிவிட்டான். “நீங்கள் போயிட்டு வாங்கோ தம்பி, ஐந்து நிமிஷந்தானே! பிள்ளையை எழுப்ப வேண்டாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்” என்றார் அம்மையார். நண்பர் இசைந்தார். நாமும் வாய் திறக்கவில்லை. அது எமது பிழை.

புதுக்கடையில் எந்த அலுவல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது? நாம் திரும்பியபோது அரைமணி நேரம் கழிந்திருந்தது. அம்மையார் வியர்வையிற் குளித்திருந்தார். குழந்தையோ அழவும் வலுவின்றிச் சோர்ந்து கிடந்தான். வீதியில் வாகன நெருக்கம்; கதவைத் திறக்க அஞ்சி, ‘இதோ வந்துவிடுவார்கள்’ என்று அவர் பொறுத்திருந்தாராம். அயலிலிருந்த தேநீர்க் கடைக்காரர் ஓடிவந்து இடங்கொடுத்தார். ஈரத் துணியால் உடலைத் துடைத்து விசிறியபின் பிள்ளை கண் விழித்தான். வைத்தியரும் பார்த்து, அபாயமில்லை என்றார். எமக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே நிற்பவர் தாங்கும் வெயில், காரினுள்ளே மட்டும் ஏன் இத்துணைக் கொடுமையாகின்றது? சூரிய ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவி, ஆசனங்களையும் முன்தட்டையும் சூடாக்குகின்றது. அவை காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லை. எனவே சூட்டின்மேற் சூடு சேருகின்றது. 1767ஆம் ஆண்டிலேயே சுவிற்சர்லாந்து அறிஞர் சொசூர் என்பார் கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்து ஆராய்ந்தார். பின்னர் அவர் திருத்தியமைத்த பெட்டியொன்றில் வெப்பம் நீரின் கொதிநிலையையும் தாண்டியது. வெயிலில் நிறுத்திய கார் அத்தகையதொரு பெட்டியே.

2005இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இதனை அளந்தனர். ஒரு மணி நேரத்தில் காரினுள் வெப்பம் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்ந்துவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கியதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. கொழும்பில் 32 பாகை வெப்பமுள்ள நாளில் இக்கணக்கைப் பொருத்தினால், அரைமணியில் காரினுள் 50 பாகை அளவில் இருக்கும். சிறு குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். நிழலையும் முற்றாக நம்புவதற்கில்லை. நிழல் ஆபத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது.

அமெரிக்காவில் 1998 முதல் ஆண்டுதோறும் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்விதம் மாண்டுள்ளனர். தமிழகத்தில், திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடியருகே, 2022 ஜூன் மாதத்தில், விளையாடச் சென்ற மூன்று சிறுபிள்ளைகள் நிறுத்தியிருந்த காரினுள் ஏறி, வெளிவர இயலாது உயிரிழந்தனர். ஆகவே, பெற்றோர் விட்டுச்செல்வதால் மட்டுமன்றி, பிள்ளைகள் தாமே ஏறிக்கொள்வதாலும் இது நேர்கின்றது. வீட்டு முற்றத்தில் நிற்கும் காரையும் பூட்டி, திறப்பைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெயிலில் நின்ற காரில் ஏறுமுன் எல்லாக் கதவுகளையும் திறந்து சூட்டை வெளியேற விடுங்கள். ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கக் கதவைச் சிலமுறை திறந்து மூடினாலும் வெப்பக் காற்று வெளியேறும். சுக்கானையும் ஆசனப் பட்டியின் உலோகப் பூட்டையும் தொட்டுப் பார்த்தபின்னரே குழந்தையை அமர்த்துங்கள். முன்கண்ணாடிக்கு மறைப்பு இடுவது நன்று. ஆனால் அது பொருளைக் காக்குமேயன்றி உயிரைக் காக்காது. மருந்து வகைகளைக் காரில் விட்டுச்செல்லல் ஆகாது.

ஏப்ரல் முற்பாதியிலும், மீண்டும் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் எமது தீவுக்கு நேர் உச்சியில் வருகின்றது. அந்நாட்களில் மட்டுமன்றி, எந்நாளிலும் குழந்தையை எழுப்பத் தயங்காதீர்கள். உறக்கம் கலைந்த பிள்ளை சற்று நேரம் அழும், பின் மறந்துவிடும். அந்த அழுகையைத் தோளிற் சுமந்துகொண்டே அலுவலுக்குச் செல்லுங்கள். நம் நண்பர் இப்போது அப்படித்தான் செல்கின்றார்.