மடக்குக்கத்தி வைத்திருப்பது குற்றமா?

பிள்ளைகளே, உங்கள் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை வெளியே எடுத்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பாகூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது நடந்தது இது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் டவுசர் பையிலிருந்து மடக்குக்கத்தி ஒன்று தரையில் விழுந்தது. மரப்பிடி. விரல் நீளத்துக்கு இரும்பு.

"எதுக்குடா இது?" என்றேன்.

"மாங்கா நறுக்க சார்" என்றான்.

நான் நம்பவில்லை. "கத்தி வச்சிருந்தா குத்தம். போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்று மிரட்டினேன். கத்தியைப் பிடுங்கி, பள்ளிக்குப் பின்னால் இருந்த குளத்தில் வீசிவிட்டேன். பையன் அழுதான்.

சட்டத்தைப் பற்றி நான் சொன்னது தவறு. அது எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது!

நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. கத்தியைக் கண்டதும் அது குற்றம் என்று சொல்லிவிடவில்லை. 'எதற்காகச் செய்த பொருள் இது?' என்று கேட்கிறது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் மட்டுமே செய்த பொருள் ஆயுதம் ஆகாது. அம்மாவின் அரிவாள்மனை, அப்பாவின் கதிர் அரிவாள் எல்லாம் தப்பித்தன. வாள், ஈட்டி போன்றவை ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளும் இருக்கின்றன. இப்போது ஸ்கேலைப் பாருங்கள். 9 அங்குலம் என்பது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். உங்கள் சின்ன ஸ்கேலே 15 தான். அந்தப் பையனின் கத்தி அதில் பாதிகூட இல்லை.

பட்டனை அழுத்தினால் விருட்டென்று விரியும் கத்தி வேறு ரகம். 3 அங்குலமோ அதற்கு மேலோ அலகு உள்ள பட்டன் கத்திகளுக்கு டெல்லியில் 1980-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. நம் பக்கம் பிரான்சில் உறவினர் இருக்கும் வீடுகள் நிறைய. அங்கே சாதாரண மடக்குக்கத்தியாக இருந்தாலும், தகுந்த காரணம் இல்லாமல் வெளியில் எடுத்துப் போகக் கூடாது.

"அப்படின்னா நாளைக்கே ஸ்கூலுக்குக் கொண்டு போகலாமா சார்?" என்று ஒரு வாண்டு கேட்பது காதில் விழுகிறது. கூடாது!

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடன் படித்தவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. அரிவாள் வயல் வேலைக்குச் செய்த பொருள்தானே? ஆனால் ஓங்கியதும் அது ஆயுதமாகிவிட்டது. பேனாக்கத்தியைக் காட்டி "குத்திடுவேன்" என்று மிரட்டினாலே குற்றம்தான். 18 வயது ஆகாதவர் என்றால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். சின்னக் கத்திதானே என்று விட்டுவிட மாட்டார்கள்.

ஆகவே பென்சில் சீவ ஷார்ப்னர் போதும். கத்தி வீட்டில் இருக்கட்டும்.

அதே சமயம் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தோப்புக்குப் போய் வந்த பிள்ளை, திங்கட்கிழமை பையில் கத்தி இருப்பதை மறந்தே பள்ளிக்கு வந்துவிடலாம். நம் ஊர்களில் இது அதிசயமில்லை. அவனுக்கு 'ரவுடி' என்று பெயர் வைக்காதீர்கள். கத்தியை வாங்கிப் பூட்டி வையுங்கள். அப்பாவையோ அம்மாவையோ வரச் சொல்லி அவர்கள் கையில் கொடுங்கள். "செல்லம் கொடுக்கிறீங்க சார்" என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தப் பையன் இப்போது வில்லியனூரில் இளநீர் விற்கிறான். போன மாதம் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டு, மூன்றே வெட்டில் ஒரு காயைச் சீவிக் கொடுத்தான்.

"அந்தக் கத்தி ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

"எங்க தாத்தாவோடது சார் அது. தொலைஞ்சு போச்சுன்னு வீட்ல சொல்லிட்டேன்" என்று சிரித்தான்.

வீட்டில் அடி விழுந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.