கதவு ஒன்பதாம் வகுப்பில் அடைகிறது

கல்லூரி வாசலில் 69 சதவீதம் இருக்கிறதே, இன்னும் என்னய்யா உங்களுக்குக் குறை என்று கேட்கிறவர்களுக்கும், அந்த 69 சதவீதத்தைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிட்ட நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சுருளிப்பட்டிக்காரன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து அண்ணாந்து கழுத்துப் பிடித்துப்போன சனத்தில் பிறந்தவன். கல்லூரிக் கதவு பதினெட்டு வயதில் திறக்கும் என்கிறார்கள். எங்க தெருப் பிள்ளைகளுக்கு அது பதினாலிலேயே அடைபட்டுப் போகிறது.

1993இல் பத்தாம் வகுப்பில் 500க்கு 291 வாங்கினேன். அந்த வருசம் எங்க தெருவில் பாஸானது நான் ஒருத்தன்தான். அய்யா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னைப் பதினொன்றில் சேர்க்கக் கூட்டிப் போனார். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு பள்ளியின் குற்றமாகச் சுருங்கிப்போகும். தலைமையாசிரியர் மார்க் லிஸ்டைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் அய்யாவைப் பார்த்துச் சொன்னார்: “ஏய், இவனுக்கு என்னத்துக்குப் பர்ஸ்ட் குரூப்பு? தொழிற்கல்வியில விவசாயம் இருக்கு. ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான?” அவரைவிட எங்கய்யாவுக்குப் பத்து வயசு கூட. “சரிங்க சாமி” என்றார். நானும் தலையாட்டினேன். 270 வாங்கிய மேலத்தெருப் பையன் ஒருத்தனுடைய அப்பா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். பர்ஸ்ட் குரூப்போடு வெளியே வந்தார்கள்.

உயிரியல் படிக்காதவன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட முடியாது. விண்ணப்பம் போடாதவனுக்கு எந்த இடஒதுக்கீடும் இல்லை. பத்தாம் வகுப்பு மார்க் செய்கிற வேலை இதுதான். கல்லூரிக்குப் போகாதே என்று யாரும் சொல்வதில்லை. வரிசையில் நிற்கவே தகுதியில்லாமல் பண்ணிவிடுகிறார்கள்.

பாபாசாகேப்புக்கும் இது நடந்தது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் எடுக்க ஆசைப்பட்டார். தீண்டப்படாதவனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றார் வாத்தியார். பாரசீகம் படித்தார். இன்றைய பாசையில் அதற்குக் குரூப் ஒதுக்கீடு என்று பெயர். 1907 மெட்ரிகுலேசனில் அவர் வாங்கியது 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டுகூடத் தேறாது. பரேலில் ஒற்றை அறையில், வீட்டுச் சனமெல்லாம் தூங்கிய பிறகு படித்து வாங்கிய மார்க் அது. அந்த மார்க்கை இன்றைக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியில் நீட்டினால் என்ன குரூப் கொடுப்பார்கள்? அந்த மார்க்கோடு கல்லூரிக்குள் போனவர்தான் 1912இல் பி.ஏ. முடித்தார், 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். அவருடைய படத்தை மாட்டியிருக்கிற பள்ளிக்கூடத்திலேயே “மார்க் பத்தாது” என்கிறார்கள்.

பழைய கதை என்பீர்கள். என் அக்கா மகள் கதை பழசில்லை. அந்தப் புள்ள 2019 மார்ச்சில் பத்தாம் வகுப்பு எழுதியது. அக்காவும் மச்சானும் ஏலத்தோட்டக் கூலிகள். விடியுமுன்னே ஜீப் ஏறிக் குமுளிப் பக்கம் மேலே போனால் இருட்டின பிறகுதான் வீடு. தம்பி தங்கச்சிக்குச் சோறு பொங்கிப் போட்டுவிட்டுத்தான் அது பள்ளிக்கூடம் போகும். கூடுதலாக வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியே 58. 1993இல் தலையாட்டினவன் 2019இல் ஆட்டவில்லை. உயிரியல் குரூப் கொடுக்கிறவரை நகரமாட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்தேன். கொடுத்தார்கள். நர்சிங் படிக்கணும் என்று அந்தப் புள்ள படித்த படிப்பு எனக்குத் தெரியும். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோதும் வீட்டில் இருந்த ஒரே போனோடு மல்லுக்கட்டிப் படித்தது.

2021 சூனில் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை, செத்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் மார்க் போடச் சொன்ன கணக்கைப் பாருங்கள். பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடச் சராசரிக்கு 50, பதினொன்றின் எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. ஆக, பதினைந்து வயதில் அடுப்பூதிக்கொண்டே எழுதிய பரீட்சை திரும்பி வந்து பாதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அம்பதுக்கு 29. மிச்சம் 21 மார்க், அந்தப் புள்ள உயிரியல் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னாடியே போயாச்சு. திருப்தியில்லாதவர்கள் ஆகஸ்டில் தேர்வெழுதலாம் என்றார்கள். எழுதினால் அதில் வருவதுதான் இறுதி. தெரு ஓரத்துப் புள்ளைக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்? “இருக்கிறதும் போயிட்டா என்ன மாமா செய்ய?” என்றது. அரசு நர்சிங் கல்லூரி இடம் கிடைக்கவில்லை.

எல்லாருக்கும் ஒரே சூத்திரம்தானே என்றார் ஒரு நண்பர். முற்போக்கானவர்தான். ஒரே சூத்திரம்தான், ஒரே வீடில்லையே தோழர்.

பத்தாம் வகுப்பு வரையாவது வந்தவர்கள் கதை இது. அதற்கும் கீழே இன்னொரு வாசல் இருக்கிறது. எட்டு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லியது. தமிழ்நாடு இன்றும் அதன்படிதான் நடக்கிறது. அதனால் கத்தியை ஒன்பதில் தீட்டி வைத்திருக்கிறார்கள். “இவன் பத்து எழுதினா பெயிலாயிருவான், டி.சி. வாங்கிக்கிருங்க, தனியா எழுதட்டும்.” எதற்கு? ரிசல்ட் அன்று நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பிளெக்ஸ் கட்ட வேண்டும். அப்படி டி.சி.யோடு வந்தவர்கள் எங்க தெருவில் மூன்று பேர். ஒருத்தனும் தனியாக எழுதவில்லை. ஒருத்தன் இப்போது பந்தலுக்கு மருந்தடிக்கிறான். டி.சி. எழுதிக் கொடுக்கிற வாத்தியார்களில் நம்ம ஆட்களும் உண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

2017இல் 1200க்கு 1176 வாங்கிய அனிதாவை நீட் வெளியே தள்ளியபோது தெருவுக்கு வந்தோம். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. இரண்டும் சரி. ஒன்பதில் டி.சி. வாங்கின பிள்ளைக்காக எவன் தெருவுக்கு வந்தான்? நானும்தான் வரவில்லை. மருந்தடிக்கிற பையனைத் தினமும் பார்க்கிறேன். “நல்லாயிருக்கியாடா” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன்.

இனி பிளெக்ஸ் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் காலனிப் பிள்ளைகள் எத்தனை, பத்து எழுதியது எத்தனை, ஒன்பதில் டி.சி. வாங்கியது எத்தனை, பர்ஸ்ட் குரூப்பில் உட்கார்ந்திருப்பது எத்தனை. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் இருந்து இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். அந்த ஐந்து கேள்வியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே அக்கா மகளும் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.