தசமக் கழித்தலும் செல்லாத பைசாவும்

அண்ணன் பொண்ணு, அஞ்சாங்கிளாஸ். கணக்கு நோட்டுல 4.5 − 1.25 = 2.80ன்னு போட்டிருக்கா. பக்கத்துல சிவப்பு மையில பெரிய தப்புக்குறி. எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டேன். "4 ரூபா 5 பைசால 1 ரூபா 25 பைசா போனா 2 ரூபா 80 பைசா சித்தப்பா."

போட்டுப் பாருங்க மக்களே, அந்தக் கணக்கு துல்லியமா சரி! தப்பு அவளோடது இல்ல. தசமம்னாலே ரூபா-பைசான்னு சொல்லிக்கொடுத்தவங்களோடது. பைசாங்கறது நூறில் ஒண்ணு. பத்தில் ஒண்ணுக்கு அங்க பேரே கிடையாது. அப்புறம் .5ஐ 5 பைசான்னு படிக்காம என்ன செய்வா? (இத்தனைக்கும் 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-ஓட போச்சு. அவ பொறக்கறதுக்கு முன்னாடியே!)

இதுக்கு வச்சிருக்கற மருந்து: "புள்ளிக்கு நேரா புள்ளி வை, காலி இடத்துல பூஜ்யம் போடு." ஏன் போடணும்? அதெல்லாம் கேக்கப்படாது. இது கணக்கு இல்லீங்க, மந்திரம்.

கட்டம் போட்ட நோட்டுல பத்துக்குப் பத்து சதுரம் வரைஞ்சேன். முழுச் சதுரம் 1, ஒரு வரிசை 0.1, ஒரு கட்டம் 0.01. அப்போ 0.5க்கு எத்தனை கட்டம்? எண்ணினா. அம்பது. அதுல 25 கட்டத்தை அடிச்சா. மிச்சம் 25. முழுசுல 4 போய் 1, 3. ஆக 3.25.

"அப்போ 4.50ன்னு போடற பூஜ்யம் சும்மா இல்லையா சித்தப்பா?"

நாப்பது பிள்ளைங்களுக்கு இதெல்லாம் முடியுமான்னு வாத்தியார் பதிவர்கள் சண்டைக்கு வரலாம். கட்டம் போட்ட நோட்டு நாப்பது பேர்கிட்டயும் இருக்கே சார் :-)