பானைச் சோறும் பனியன் படமும்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீட்டு அடுப்படியில் பிறந்த பழமொழி. பானை முழுவதையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் போதும். மற்றவை வெந்தனவா, வேகவில்லையா என்பது தெரிந்துவிடும். ஆனால், பழமொழி வாய்விட்டுச் சொல்லாத நிபந்தனை ஒன்று இதில் உண்டு. எடுத்த பருக்கை அதே பானையில் எடுத்ததாக இருக்க வேண்டும். வேறொரு பானையில் வெந்த சோற்றைக் காட்டி, ‘இதோ பதம்’ என்றால் அது பதம் பார்ப்பது ஆகுமா?

இந்தக் கேள்வியை இன்று இணையக் கடைகளைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் டி-சர்ட் என்றும் திருப்பூர்க்காரர் பனியன் என்றும் சொல்லும் பின்னலாடையை இணையத்தில் விற்போர் பலர். அங்கே நாம் காணும் படங்களில் பல, இன்னும் அச்சிடப்படாத ஆடைகளின் படங்கள் என்றால் மாணவத் தோழர்கள் வியப்படையலாம். வெறும் ஆடை ஒன்றைப் படம் எடுத்து, அதன்மீது கணினியில் ஓவியத்தைப் பொருத்திக் காட்டுகிறார்கள். இதனை ‘மாக்கப்’ என்பர். நான் மாதிரிப்படம் என்கிறேன். ஓவியத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வகையில் ஒரு முறை செய்து வைத்துக்கொள்வது ‘டெம்ப்ளேட்’. அதனை வார்ப்பு என்று அழைப்போம்.

இத்தகைய வார்ப்புகளைச் செய்து கூலி பெற்றவள் நான். எனவே, கரையில் நின்று ஆழம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் இதன் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு வணிகரிடம் இருபது ஓவியங்கள் உள்ளன. ஆடையோ ஐந்து நிறங்களில். அனைத்தையும் தைத்து, அச்சிட்டு, படம் எடுக்க வேண்டுமானால் நூறு பனியன்கள் வேண்டும். விற்குமா விற்காதா என்று தெரியாத சரக்கில் முதலைப் போட்டு முடங்கியவர்களை நாம் அறிவோம். வார்ப்பு இருந்தால் நூறு படங்களும் ஒரு மாலைப்பொழுதில் ஆயத்தம். வாங்குவோர் கேட்ட பிறகு அச்சிட்டால் போதும். முதல் இல்லாதவனும் கடை திறக்கலாம். ஏழையின் வீட்டு வாசலுக்கு வணிகத்தைக் கொண்டுவரும் இக்கருவியை நான் பழிக்க மாட்டேன்.

இனி, செய்யும் முறை. என் மாமா மகன் 2018-இல் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினிதான் என் தொழிற்சாலை. ஃபோட்டோபீ என்னும் மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெள்ளைப் பனியனைக் கொடியில் தொங்கவிட்டு, காலை வெயில் சன்னல் வழியே பக்கவாட்டில் விழும்போது கைப்பேசியில் படம் எடுப்பேன். நேர் எதிரே வெளிச்சம் விழுந்தால் மடிப்பே தெரியாது. பனியன் காகிதம்போல் இருக்கும்.

பின்னணியை வெட்டி நீக்கிய பிறகு இயற்பியல் தொடங்குகிறது. கணினி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கிறது. 0 கருமை, 255 வெண்மை. பனியனின் மடிப்பில் நிழல் விழுந்த இடம் 153 என்று கொள்வோம். ஓவியத்தின் சிவப்பு 200 என்றால், இரண்டையும் பெருக்கி 255-ஆல் வகுக்க வேண்டும். விடை 120. மடிப்பில் சிவப்பு மங்கிவிட்டது. ஓவியம் துணியோடு ஒட்டிவிட்டது! இப்பெருக்கலைச் செய்யும் கட்டளைக்குப் பெயரே ‘மல்டிப்ளை’. மடிப்பின் வளைவுக்கு ஏற்ப ஓவியமும் வளைய வேண்டும் அல்லவா? அதற்கு இன்னொரு கட்டளை உண்டு. நிழற்படத்தில் 128 என்ற நடுச் சாம்பல் உள்ள இடத்தில் ஓவியம் அசையாது. அதைவிட வெளுத்த இடத்தில் ஒரு பக்கமும், கறுத்த இடத்தில் எதிர்ப்பக்கமும் நகரும். கறுப்புப் பனியனுக்கு இந்தப் பெருக்கல் உதவாது. கருமையோடு எதைப் பெருக்கினாலும் கருமைதான். அதற்குத் தனி வார்ப்பு செய்ய வேண்டும்.

ஓவியம் இருக்கும் அடுக்கை ‘ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்’ ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே ஓவியத்தை மாற்றினால் நிழலும் வளைவும் தாமே வந்து பொருந்திக்கொள்ளும். ஃபோட்டோஷாப் மென்பொருளில் இவ்வசதி வந்தது 2005-ஆம் ஆண்டில். நிற்க.

அதே 2005-ஆம் ஆண்டில்தான் நம் மதுரைச் சுங்குடிப் புடவை புவிசார் குறியீடு பெற்றது. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

என் தாயார் சுங்குடிக்கு முடிச்சுக் கட்டுபவர். விரகனூருக்கு அப்பால் உள்ள எங்கள் சிற்றூரிலிருந்து நகருக்குச் சென்று, புடவைக்காரர் வீட்டில் துணி வாங்கி வந்து, கட்டிக் கொடுத்துக் கூலி பெறுவார். மடித்த துணியில் குறியிட்ட இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிவது அவர் வேலை. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பிறகு துணி சாயத்தில் நனையும். முடிச்சுக்குள் சாயம் புகாது. காய்ந்த பின் இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் அவிழ்ந்து தெறிக்கும். சாயம் படாத இடமெல்லாம் புள்ளியாய் மலரும். ஒரு புள்ளிபோல் இன்னொரு புள்ளி இராது. ஒவ்வொரு புள்ளியிலும் துணி சற்றே குமிழ்ந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சுங்குடியை அறியலாம்.

சௌராட்டிர மக்கள் மதுரைக்குக் கொண்டுவந்து வளர்த்த கலை இது. அதில் முடிச்சுக் கட்டிய கூலியில் படித்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான். ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதந்தோறும் வருகிறது. எஞ்சிய செலவுக்குத் துணை நின்றது வார்ப்புக் கூலி, ஒன்றுக்கு முந்நூறு ரூபாய்.

சென்ற ஆண்டு, எனக்கு வேலை தந்த வணிகர் ஒருவர் புதுமையாக ஒன்று கேட்டார். “சுங்குடிப் புள்ளி போட்ட டி-சர்ட் வேணும்மா. முன்னாடி, பின்னாடி, கை எல்லாம் புள்ளி வரணும்” என்றார். அம்மா கட்டிய துணியின் ஒரு மூலையைப் படம் எடுத்தேன். அதில் இருந்த நாற்பது புள்ளிகளை நாலாயிரம் ஆக்க எனக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. வார்ப்பு மிக அழகாக அமைந்தது. முந்நூறு ரூபாயும் கைக்கு வந்தது. பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து, விற்பனைக்கு வந்த பனியன் ஒன்றை அவர் அன்பளிப்பாகத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வழக்கம்போல் முதலில் பார்க்கவில்லை, தடவினார்.

“ஏத்தா, புள்ளியெல்லாம் வழுவழுன்னு இருக்கே. இதை யாரு கட்டுனா?”

“யாரும் கட்டலம்மா. அச்சு.”

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கழுத்துப் பட்டியில் தொங்கிய அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘மதுரைச் சுங்குடி’ என்று அதில் இருந்தது.

“அப்ப, சுங்குடின்னு ஏந்த்தா போட்டிருக்கு?”

பேராசிரியர் வாய்மொழித் தேர்வில் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஏதோ ஒரு விடை சொல்லித் தப்பியிருக்கிறேன். இதற்கு ஒரு சொல்லும் எழவில்லை.

மறுநாள் வணிகரிடம் கேட்டேன். “எல்லாரும் அப்படித்தானம்மா போடுறாங்க. நீ படத்தைப் போடு, பேரை நான் பாத்துக்கிறேன்” என்றார். அவருக்கு இனி வார்ப்பு செய்வதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா இரண்டு புடவைகள் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. நான் விலகினேன், என் வார்ப்பு விலகவில்லை. மறுமுறை மறுமுறை பயன்படும்படி செய்து கொடுத்தவள் நான்தானே! நிறத்தை மாற்றி, புள்ளியின் அளவை மாற்றி, புதுப்புதுச் ‘சுங்குடி’ப் பனியன்கள் அதிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ஒரு முறை சொன்ன பொய்யை மறுபடி சொல்ல ஒரு வாய் வேண்டும். வார்ப்பில் இட்ட பொய்க்கு வாயும் வேண்டாம். அது தானே பெருகும். ஆகவே, வார்ப்பின் நேர்மை அதைப் பயன்படுத்துவோரிடம் மட்டும் இல்லை, செய்பவரிடமே தொடங்குகிறது என்பதே என் முடிபு.

‘துணிக்கடைப் பொம்மையும் பொய்தானே? அதன் உடம்பு யாருக்கு இருக்கிறது?’ என்று வினவுவாரும் உளர். பொம்மை பொய்யாக இருக்கலாம். அது உடுத்தியிருக்கும் புடவை மெய். விளக்குத்தூண் பக்கம் கடைக்குப் போகும் நம் தாய்மார்கள் பொம்மையையா நம்புகிறார்கள்? முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே வைத்துக் கசக்கிப் பார்க்கிறார்கள். இணையக் கடையில் அந்த விரலுக்கு வேலை இல்லை. விரலுக்குப் பதிலாகப் படம் நிற்கிறது. அந்தப் படமே பொய்யானால் வாங்குபவர் எதைத் தொட்டுப் பார்ப்பார்?

‘சுங்குடியே இப்போது அச்சில் வருகிறதே’ என்பாரும் உண்டு. உண்மை. மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் வரும் புடவைகள் அப்பெயரில் விற்கின்றன. அச்சிடுவோரும் உழைப்பாளிகளே. அச்சிட்டதை அச்சு என்று சொல்லி விற்பதில் எவருக்கும் தாழ்வு இல்லை. சொல்லாமல் விற்கும்போதுதான் முடிச்சுக் கட்டும் விரலின் கூலி அச்சின் விலையோடு மோதித் தோற்கிறது.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. எனினும், முந்நூறு ரூபாய்ப் பனியனுக்காக வழக்காடுபவர் எத்தனை பேர்? சட்டம் வருமுன் செய்பவர் மனம் வர வேண்டும்.

நான் இப்போதும் வார்ப்பு செய்கிறேன். ஆனால், மூன்று விதிகளோடு செய்கிறேன். ஒன்று, எந்தத் துணியில் அச்சிடப் போகிறார்களோ அந்தத் துணியையே படம் எடுக்கிறேன். 180 கிராம் கனமுள்ள பனியனின் மடிப்பை எடுத்து, மெல்லிய துணிக்குப் போட்டு ஏமாற்றுவதில்லை. இரண்டு, ஒவ்வொரு ஓவியத்துக்கும் அச்சிட்ட பனியன் ஒன்றையாவது கேட்டு வாங்கி, அதன் மெய்யான படம் ஒன்றை மாதிரிப்படத்தின் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். திரையில் ஒளிரும் சிவப்பு வேறு, மையில் வரும் சிவப்பு வேறு. மூன்று, படத்தின் கீழே எழுதும் பெயரைக் கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. ‘சுங்குடி வடிவ அச்சு’ என்று எழுதினால் செய்வேன்; வெறும் ‘சுங்குடி’ என்றால் மாட்டேன்.

இவ்விதிகளால் வேலை குறைந்தது. மூவர் கேட்டு, இருவர் போய்விட்டனர். ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்த ஒருவரின் பனியன் வந்தபோது அம்மாவிடம் தந்தேன். தடவிப் பார்த்தார். அட்டையை வாசித்தார். “அச்சுன்னு போட்டிருக்கே, சரிதான்” என்று சொல்லிவிட்டு மீண்டும் முடிச்சுக் கட்ட உட்கார்ந்தார்.

மாணவத் தோழர்களே! நாளை நம்மில் பலர் கணினிமுன் அமர்ந்து பிறருடைய பொருளுக்கு முகம் வரையப் போகிறோம். முகம் வரையும் கலை நமக்குச் சோறு போடட்டும். ஆனால், எந்தப் பானைச் சோற்றுக்கு நாம் பதம் காட்டுகிறோம் என்பதைப் பானையைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் காட்டுவோம்.