பிறகு பார்த்துக்கொள்ளலாம்

படம் எடுத்த பின் ஃபோகஸை மாற்ற வழி செய்த கேமரா ஆறே ஆண்டுகளில் மறைந்தது. அதன் யோசனை மறையவில்லை.

போட்டோ எடுப்பவர்களின் மிகப் பழைய வருத்தம் இது. குழந்தையின் முகம் மங்கிவிடும். பின்னாலிருக்கும் சுவர் பளிச்சென்று விழுந்திருக்கும். அந்தச் சிரிப்பு திரும்ப வராது. 2012 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவில் வாடிக்கையாளர் கைக்கு வந்த லைட்ரோ கேமரா, இந்த வருத்தத்தைத் தீர்ப்பதாகச் சொன்னது. முதலில் எடுங்கள், ஃபோகஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் வாக்குறுதி. விலை 399 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20,000 ரூபாய்.

கையில் எடுத்தால் கேமரா என்றே தோன்றாது. ஒரு சதுரக் குழாய். ஒரு முனையில் லென்ஸ், மறு முனையில் தீப்பெட்டியைவிடச் சிறிய திரை. பொத்தானை அழுத்தியதும் காத்திருக்காமல் படம் பதிவாகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் படத்தில் முன்னால் உள்ள பூவைத் தொட்டால் பூ தெளியும், பின்னால் நிற்பவர் மங்குவார். அவரைத் தொட்டால் பூ மங்கும்.

இதில் மாயம் ஏதுமில்லை. சாதாரணக் கேமராவில் பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் ஒரு புள்ளியில் விழுந்து கலந்துவிடுகின்றன. எது எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அழிந்துபோகிறது. லைட்ரோவில் சென்சாருக்கு முன்னால் ஏராளமான நுண்லென்ஸ்கள் இருந்தன. கதிர் வந்த திசையையும் அவை பதிவாக்கின. அந்தக் கணக்கு கையில் இருந்தால், வேறொரு தூரத்தில் ஃபோகஸ் செய்திருந்தால் கிடைத்திருக்கும் படத்தைக் கம்ப்யூட்டர் போட்டுத் தந்துவிடும். பிரெஞ்சு விஞ்ஞானி காப்ரியேல் லிப்மான் 1908லேயே முன்வைத்த யோசனை இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2006ல் இதை ஆய்வேடாக்கிய ரென் இங், லைட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆனால் திசைக்குக் கொடுத்த இடம் தெளிவிலிருந்து பறிக்கப்பட்டது. 1.1 கோடி கதிர்களைப் பதிவு செய்த கேமராவிலிருந்து கிடைத்த படம் சுமார் 12 லட்சம் பிக்ஸல்தான். அப்போதே நல்ல செல்போன்கள் 80 லட்சம் பிக்ஸல் தந்தன. இன்னொரு சிக்கலும் இருந்தது. தொலைவில் தெரியும் மலையை எடுத்தால் எங்கே தொட்டாலும் மாற்றம் தெரியாது. வித்தை பலிக்க வேண்டுமானால் மிக அருகில் ஒரு பொருளும் தள்ளி இன்னொன்றும் வேண்டும். ஃபோகஸ் கவலையைப் போக்க வந்த கேமரா, படத்துக்குப் படம் முன்னால் வைக்க ஒரு பொருளைத் தேட வைத்தது.

2014ல் 1,599 டாலருக்கு வந்த இல்லம் மாடலும் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2018ல் லைட்ரோ கதவை மூடியது.

யோசனை மட்டும் செல்போனுக்குள் புகுந்துகொண்டது. 2017ல் வெளியான கூகுளின் பிக்ஸல் 2, ஒவ்வொரு பிக்ஸலையும் இரண்டாகப் பிரித்து, அந்த இரு பாதிகள் காட்டும் சிறு வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணித்தது. அந்தக் கேமராவை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மார்க் லெவாய், ஸ்டான்ஃபோர்டில் ஒளிப்புல ஆய்வின் முன்னோடி. 2023ல் வந்த ஐபோன் 15, போர்ட்ரெய்ட் படத்தில் ஃபோகஸை ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பிறகு மாற்றித் தருகிறது. ஆனால் இந்தப் போன்களில் மங்கல் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பூசப்படுவது. உண்மையிலேயே மங்கிப்போன முகத்தை அவற்றால் அதே விதத்தில் மீட்க முடியாது.

லைட்ரோ வாங்கியவர்களுக்கு மிஞ்சியது வேறொரு பாடம். அவர்கள் படங்கள் தனி வகைக் கோப்புகள். தொட்டால் ஃபோகஸ் மாறும்படி அவற்றைக் காட்டிய இணையதளம் 2017 இறுதியில் மூடப்பட்டது. திறக்கும் மென்பொருளைப் பராமரிக்க இன்று அந்த நிறுவனம் இல்லை. உரிய நேரத்தில் சாதாரணப் படமாக மாற்றி வைத்தவர்களிடம் படம் இருக்கிறது, ஒரே ஒரு ஃபோகஸுடன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், பழைய கம்ப்யூட்டர் இயங்கும்வரை பார்க்கலாம்.